பேட்டன்ட் வக்கீல் ஆவதற்கு முன் விசா கணக்கைப் போடுங்கள்

தம்பி, சிப் டிசைனில் ஐந்து வருடம், எம்.எஸ். அமெரிக்காவில், இப்போது எச்-1பி வேலை விசா. பேட்டன்ட் வழக்காடும் வக்கீலாக ஆசை. பேட்டன்ட் பார் முதலில் எழுதட்டுமா, சம்பளம் எப்படி, இலவசச் சட்டப்பணிக்கு நேரம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்துக்குக் குறைவிருக்காது, அதை விடுங்கள்.

பேட்டன்ட் பார் என்பது காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு நடத்துபவர்களுக்கான தேர்வு. 100 கேள்வி, ஆறு மணி நேரம். கோர்ட்டில் வழக்காட அதை யாரும் கேட்பதில்லை, ஜே.டி. எனும் சட்டப் பட்டமும் ஒரு மாநில பார் உரிமமும் (வக்கீல் தொழிலுக்கான அனுமதி)தான் வேண்டும். இது தெரியாமல் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் நம்மில் நிறைய. அதோடு, எச்-1பியில் இருப்பவருக்குக் காப்புரிமை அலுவலகத்தில் முழுப் பதிவு கிடையாது. விசாவிலேயே பேட்டன்ட் வேலைக்கு இடமிருந்தால்தான் வரம்புக்குட்பட்ட அனுமதி. சிப் டிசைனுக்கு வாங்கிய விசா அதற்கு உதவாது.

முதலில் விசாவை எண்ணுங்கள். ஜே.டி. இரவு வகுப்பில் பொதுவாக நான்கு வருடம், பகலில் மூன்று. எச்-1பிக்குப் பொதுவாக மொத்தம் ஆறு வருடம். வேலையை விட்டு எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் மிச்ச வருடங்கள் வீணாகாது. எச்-1பி லாட்டரியில் ஒருமுறை தேர்வானவர் பிறகு அவற்றை லாட்டரி இல்லாமலே எடுக்கலாம். ஜே.டி.க்கு 12 மாத ஓபிடி (படித்து முடித்தபின் வேலை செய்யும் அனுமதி) உண்டு, அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குத் தரும் ஸ்டெம் நீட்டிப்பு இல்லை. எம்.எஸ்.ஸைக் காட்டி அந்த 24 மாத நீட்டிப்பைக் கேட்கலாம். ஆனால் அந்தப் பட்டம் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், வேலை அந்தப் படிப்போடு ஒட்ட வேண்டும், அதை முன்பே பயன்படுத்தியிருக்கக் கூடாது. பெரும்பாலோர் முதல் கம்பெனியிலேயே அதைக் கரைத்திருப்பார்கள்.

வக்கீல் வேலைக்கு மாறினால் கிரீன் கார்டுக்கு பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று), ஐ-140 (முதலாளி போடும் மனு) எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பழைய ஐ-140 ஒப்புதல் பெற்றிருந்தால் முன்னுரிமைத் தேதி, அதாவது கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம், மட்டும் கூடவே வரும். வக்கீலானால் கார்டு சீக்கிரம் வரும் என்று சொல்லும் அண்ணன்மார் எல்லாத் தமிழ்ச் சங்கத்திலும் உண்டு, சிரித்துவிட்டு நகருங்கள்.

பேட்டன்ட் வழக்கில் எஞ்சினியர் மூளைக்கு மரியாதை கிடைக்கும் இடம் சோர்ஸ் கோட் அறை, எதிர்த்தரப்பின் கோடைப் படிக்கவிடும் அறை. இணையம் இல்லாத கணினி, போன் வெளியே, பிரிண்ட் பக்கங்களுக்கு உச்சவரம்பு. குறிப்பில் கோடை அப்படியே பிரதி எடுக்கவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். கோப்பின் பெயர், ஃபங்ஷன், வரி எண், அது உரிமைக்கோரலின் (பேட்டன்ட் எதற்கு உரிமை கேட்கிறது என்று சொல்லும் வாசகத்தின்) எந்தச் சொல்லுக்குப் பொருந்துகிறது, இந்த நான்கையும் குறிப்பவர் பிழைத்தார். வரி எண்ணை விட்டவர் எதிர்த்தரப்பிடம் இன்னொரு நாள் கேட்டு நிற்க வேண்டும்.

அந்த அறைக்குள் போய்வந்தவரை ஒரு தடையும் பிடித்துக்கொள்ளும். வழக்கு முடிந்தும் ஒன்றிரண்டு வருடம் அதே தொழில்நுட்பத்தில் யாருக்கும் உரிமைக்கோரல் எழுதக் கூடாது என்று கோர்ட் உத்தரவில் அடிக்கடி இருக்கும். வசதியில்லாத கண்டுபிடிப்பாளருக்கு இலவசமாக எழுதித் தந்தாலும் தடை தடைதான். அதனால் இலவசப் பணிக்கு, வழக்காடுபவர்களுக்குத் தஞ்சம் கோருவோர் வழக்கு தோதானது. அதில் ஓராண்டுக் கெடு கழுத்தைப் பிடிக்கும். விதிவிலக்குகள் குறைவு, நாட்டுக்குள் வந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் ஐ-589 எனும் தஞ்ச விண்ணப்பம் போட வேண்டும். முதல் சந்திப்பிலேயே அந்தத் தேதியையும் அதற்கான ஆதாரத்தையும் கேளுங்கள்.

நியூயார்க் பார் என்றால் சேருமுன்பே 50 மணி நேர இலவசப் பணி கட்டாயம். சட்டப் படிப்பு தொடங்கிய பிறகு செய்ததுதான் கணக்கில் வரும். பணி செய்த ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் படிவம், மேற்பார்வை வக்கீலின் கையெழுத்து. வேலை முடிந்த வாரமே வாங்கிவிடுங்கள். பரீட்சை முடிந்து தேடிப்போகும்போது அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.