வாசகர் கேள்வி: நள்ளிரவில் மாமாக் கடை

கேள்வி: மகனுக்குக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. ஆய்வுகூடம் முடிய இரவு 11 மணி தாண்டுமாம். விடுதிச் சிற்றுண்டிச்சாலையை அதற்கு முதலே பூட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் எங்கே, என்ன சாப்பிடலாம்? எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை.
– வாசகி, கிளிநொச்சி

பதில்: மாமாக் கடையைத் தேடச் சொல்லுங்கள். தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக்கடையை அங்கே 'மாமாக்' என்பார்கள். நம்முடைய 'மாமா'தான் அப்படித் திரிந்தது. விடியும்வரை திறந்திருக்கும் கடைகள் நிறைய உண்டு. பல கடைகளில் தமிழும் எடுபடும். ஆனால் சாப்பாட்டுப் பெயர்கள் மலாயில்தான்.

'ரொட்டி சானாய்' நம் வீச்சு ரொட்டிக்குச் சொந்தம். ஒன்றும் போடாதது 'கோசோங்', முட்டை போட்டது 'தெலூர்', வெங்காயம் போட்டது 'பாவாங்'. கொத்து ரொட்டிக்கு ஏங்குகிற பிள்ளைக்கு 'மாகி கோரேங்' பிடிக்கும்; நூடில்ஸை அவித்து வடித்து, முட்டையோடு பெரிய நெருப்பில் பிரட்டித் தருவது. இரண்டும் கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏறும். 12 மணிக்குப் பிறகு அதுவே பாதுகாப்பு. 'நாசி கண்டார்' சோற்றுக்கு அடுக்கி வைத்திருக்கும் கறிகள் மத்தியானம் காய்ச்சியவையாகவும் இருக்கலாம். ஆவி பறக்காத சட்டியைத் தொடவேண்டாம்.

இறைச்சி விஷயத்தில் மூன்று சொல் பாடமாக இருக்கட்டும்: 'ஆயாம்' கோழி, 'காம்பிங்' ஆடு, 'டாகிங்' பெரும்பாலும் மாடு. பிழை நடப்பது குழம்பில். நாலைந்து கறிக் குழம்புகளைக் கலந்து ஊற்றுவதுதான் நாசி கண்டாரின் ருசியே. பேசாமல் நின்றால் மாட்டுக் குழம்பும் சோற்றில் விழுந்துவிடும். கடைக்காரர் அகப்பையைத் தூக்குமுன் "கோழிக் குழம்பு மட்டும்" என்று சொல்லவேண்டும். தட்டில் ஏறியதைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். பெரிய இறாலுக்கோ கணவாய்க்கோ கை நீட்டுமுன் 'பெராப்பா?' என்று விலை கேட்பது நல்லது.

கேள்வி: மகள் சுத்த சைவம். அங்கேயும் சம்பல் கிடைக்கும் என்கிறார்கள். நம்பிச் சாப்பிடலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: கூடாது. அது தேங்காய்ச் சம்பல் அல்ல. மிளகாயோடு 'பெலாச்சான்' என்ற புளித்த இறால் விழுது சேர்த்து அரைப்பது. 'நாசி லெமாக்' பொட்டலத்தில் அந்தச் சம்பலோடு பொரித்த நெத்தலியும் இருக்கும். தேங்காய்ப்பாலில் அவித்த சோறு என்பதால், காலையில் கட்டிய பொட்டலம் இரவில் புளித்துப்போயிருக்கவும் கூடும். பாற்சோறு பொங்குகிறவர்களுக்கு இது தெரியும். ரொட்டிக்கு மீன்கறி ஊற்றுகிற வழக்கமும் உண்டு. 'டால் சாஜா' என்றால் பருப்பு மட்டும் வரும். சில கடைகளில் ரொட்டி மாவிலேயே முட்டை சேர்ப்பார்கள்; அதையும் கேட்கவேண்டும்.

கேள்வி: வெறும் தேத்தண்ணி எப்படிக் கேட்பது?
– மாணவர், முல்லைத்தீவு

பதில்: 'தே' என்றால் டின்பால் ஊற்றித்தான் வரும். 'தே ஓ' என்று கேளுங்கள். பால் இராது, சீனி இருக்கும். சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்', இனிப்புக் குறைய வேண்டுமென்றால் 'குராங் மானிஸ்'. இங்கேபோல் சீனியை உள்ளங்கையில் வாங்கிக் கடித்துக் குடிக்க வழியில்லை, கலந்தே வரும். அறைக்குக் கொண்டுபோக 'புங்குஸ்' என்றால் போதும், பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தருவார்கள். சுடச்சுட இருக்கும், வாய்ப்பக்கமாகப் பிடியுங்கள்.