தவில் விழும் இடத்தில் மட்டும் உடைகிறதே!

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் தாத்தா பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரி கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. வாக்மேனிலிருந்து ஒயர் போட்டு லேப்டாப்பில் ஏற்றுகிறேன். நாகஸ்வரம் பரவாயில்லை, தவில் அடி விழும்போதெல்லாம் சத்தம் உடைகிறது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ரெக்கார்டிங் லெவலைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன். சத்தம் குறைகிறதே தவிர, உடைவது நிற்கவில்லை. கேசட் கெட்டுவிட்டதா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கேசட்டைக் குறை சொல்லும் முன் அதே இடத்தை ஹெட்போன் மாட்டி வாக்மேனிலேயே கேளுங்கள். அங்கேயும் உடைந்தால் அது தாத்தா பதிந்த அன்றே டேப்பில் ஏறியது. எந்த லெவலும் அதை எடுக்காது. அங்கே சுத்தமாக இருந்தால் (உங்கள் விவரத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்) கோளாறு லேப்டாப்பின் அந்த ஒற்றை ஜாக்கில்.

அது மைக்குக்காக வைத்த ஜாக். மைக் தருவது சில மில்லிவோல்ட். வாக்மேன் தருவது அதைவிடப் பல மடங்கு. உள்ளே நுழைந்ததுமே ஓர் ஆம்ப்ளிஃபயர் அதை இன்னும் பெருக்க, ஒலி அலையின் உச்சி அங்கேயே வெட்டுப்பட்டுவிடுகிறது. நீங்கள் திரையில் இறக்கும் லெவல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. தவில் அடி விழும் இடத்தை ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி பாதி உயரத்தில்தான் நிற்கும், ஆனால் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் தட்டையாக இருக்கும். மீட்டரில் சிவப்பே எரிந்திருக்காது. அதனால்தான் எல்லோரும் கேசட்டைச் சந்தேகிக்கிறார்கள்.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்ரோஃபோன் பூஸ்ட் இருந்தால் 0-க்குக் கொண்டுவாருங்கள். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அது விடாமல் ஒலிக்கும் சுருதியைத் தின்றுவிடும்! வாக்மேன் வால்யூமையும் நன்றாகக் குறைத்துப் பாருங்கள். ஆனாலும் இது ஒப்பேற்றும் வேலைதான்; லேப்டாப் மைக் ஜாக் பெரும்பாலும் மோனோ வேறு. லைன் இன் (வாக்மேன் மாதிரி கருவிகளின் பெரிய சிக்னலை வாங்கும் ஜாக்) உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது யுஎஸ்பியில் மாட்டும் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்று வாங்குவதே என் சிபாரிசு. பழைய டெஸ்க்டாப் வீட்டில் இருந்தால் செலவே இல்லை: பின்னால் ரோஸ் நிற ஜாக் மைக், நீல நிறம் லைன் இன்.

சரி, லெவல் எவ்வளவு? ஆலாபனையைக் கேட்டு வைக்காதீர்கள். டேப்பை ஓட்டி, தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடிகிற இடத்துக்குப் போங்கள். அந்த அடியில் மீட்டர் மைனஸ் 10, மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். அப்புறம் அந்தப் பக்கம் முடியும்வரை கை வைக்கவே கூடாது.

எண்பதுகளில் நான் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தபோது ஊசி சிவப்பைத் தொட்டால்தான் எனக்குத் திருப்தி. லெவலை ஏற்றினால் டேப்பின் 'உஸ்' சத்தம் அமுங்கும். கொஞ்சம் மீறினாலும் டேப் மெதுவாகத்தான் பிசிறும். கம்ப்யூட்டரில் அந்தச் சலுகை இல்லை. மீட்டரின் உச்சியான 0 டெசிபலுக்கு மேல் எழுத அதனிடம் எண்ணே கிடையாது. அப்படி ஏற்ற அவசியமும் இல்லை. 16 பிட் பதிவிலேயே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது. டால்பி (இரைச்சல் குறைக்கும் முறை) இல்லாத சாதாரணக் கேசட் 60-ஐத் தாண்டுவதே அபூர்வம். 12 டெசிபல் காலியாக விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பதிந்து முடித்த பிறகு ஆடாசிட்டியில் 'நார்மலைஸ்' போட்டுச் சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரே கேசட்டில் ஒரு பாட்டு சத்தமாகவும் அடுத்தது மெதுவாகவும் இருக்கிறது. நடுநடுவே லெவலை மாற்றலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். சத்தமான பாட்டுக்கு லெவல் வையுங்கள். மெதுவானதைத் தனியாக வெட்டிப் பிறகு ஏற்றலாம்.

கேள்வி: இசைத்தட்டுப் பிளேயரை லைன் இன்-இல் கொடுத்தால் லெவலை முழுக்க ஏற்றியும் கேட்கவே இல்லை. பாஸும் காணோம்.
- வாசகர், ஈரோடு

பதில்: இடையில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும்; பிளேயர் தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி அது. தட்டில் பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வதும் அதன் வேலைதான். பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் பின்னால் 'ஃபோனோ' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தட்டை அதில் கொடுத்து, 'டேப் அவுட்'டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுங்கள்.