வாசகர் கேள்விகள்: கருப்பட்டிப் பாலும் சொத்தைப் பல்லும்

கேள்வி: என் பேரனுக்கு மூன்றரை வயது. மேல்வரிசை முன்பற்கள் ஈறோரம் பழுப்பேறிக் கரைந்து வருகின்றன. வெள்ளைச் சீனியை நாங்கள் சேர்ப்பதே இல்லை. உடன்குடிக் கருப்பட்டி போட்ட பாலைத்தான் இரவில் புட்டியில் கொடுத்துத் தூங்க வைக்கிறோம். பிறகு எப்படிச் சொத்தை வந்தது? விழப்போகிற பால்பல்தானே, விட்டுவிடலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கருப்பட்டியின் மீது நம் பக்கத்தாருக்குள்ள மதிப்பு எனக்கும் உண்டு. ஆயினும் அதில் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். பல்லின் மீது படியும் மெல்லிய அழுக்குப் படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய கிருமிகள் இந்தச் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன, அங்கே பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் மிகுதி என்று பொருள்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கியதும் பல்லின் கெட்டியான மேலுறையாகிய எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தை முறித்து, இழந்த தாதுக்களைப் பல்லுக்குத் திரும்பத் தருவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும், எத்தனை முறை, எவ்வளவு நேரம் அது வாயில் இருக்கிறது என்பதே முதன்மையானது. மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு அல்வா தின்று முடிக்கிற பிள்ளையைவிட, கடலைமிட்டாயை மாலை முழுவதும் ஒவ்வொரு துண்டாகக் கடிக்கிற பிள்ளைக்கே ஆபத்து அதிகம்.

உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், வாயில் புட்டியோடு தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்களில் அந்தப் பால் இரவு முழுவதும் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். உங்கள் பேரனுக்கும் அப்படித்தான் இருக்கும் என எண்ணுகிறேன். முதலில் கருப்பட்டியை நிறுத்துங்கள். பிறகு பாலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்து, சில வாரங்களில் வெறும் தண்ணீராக்கிவிட்டால் குழந்தை அழுது அடம்பிடிப்பது குறையும்.

பால்பல்லை விட்டுவிடக் கூடாது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்தாலும், கடைவாய்ப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்து, பின்னால் வரும் பற்களுக்கு இடம் காத்துத் தர வேண்டியவை. மேலும், ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே வரிசையின் கடைசியில் நிலையான கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கிறது. அதையும் பால்பல் என்று எண்ணிக் கவனிக்காமல் விட்டு, பிறகு வருந்தும் பெற்றோர் ஏராளம். குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். துளைக்காமலேயே சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவிச் சொத்தையைத் தடுத்து நிறுத்தும் வழியும் உண்டு. ஆனால் சொத்தை விழுந்த இடம் கறுத்துவிடும்.

கேள்வி: பீடி சுற்றுகிறேன். கடைவாய்ப்பல் குடைகிறது என்று கண்டங்கத்தரி விதைப் புகை பிடித்துப் பூச்சி எடுத்தார்கள். வலி போய், இப்போது கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது.
– வாசகி, முக்கூடல்

பதில்: பல்லுக்குள் புழு இல்லை அம்மா, எடுத்துக் காட்டியது உங்கள் பல்லிலிருந்து வந்ததன்று. உள்ளிருக்கும் நரம்பு செத்துவிட்டால் வலி தானாகவே அடங்கும், ஆனால் கிருமி வேர் வழியே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். வீக்கம் கண்டுவிட்டதால் நாள் கடத்தாமல் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ அவர் பார்த்துச் சொல்வார். காய்ச்சலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் சிரமமோ இருந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சீனி போட்ட டீயை மணிக்கணக்கில் உறிஞ்சுவது உங்கள் தொழிலில் வழக்கம் என்பதை அறிவேன். டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

கேள்வி: வேப்பங்குச்சி போதாதா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: நன்றாக மென்று பதமாகத் தேய்த்தால் அழுக்கு போகும்; ஆனால் எனாமலை உறுதிப்படுத்தும் ஃபுளோரைடு அதில் கிடைக்காது. குறைந்தது 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையை, குறிப்பாக இரவில், பயன்படுத்துங்கள். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், வாயை ஓயாமல் கொப்பளிக்க வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதுமானது. ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ கண்டால், அது சொத்தையாக இல்லாமல் ஃபுளோரைடு மிகுதியாலும் இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.