மார்கழி ராத்திரியும் மாம்பூவும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

போச்சம்பள்ளிப் பக்கம் 4 ஏக்கர் மானாவாரி மாந்தோப்பு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. அப்பா காலத்தில் மார்கழி பாதியிலேயே தோப்பு பூத்துக் கிடக்கும். இப்போது பூக்க வேண்டிய நேரத்தில் தளிர் விடுகிறது. பூத்தாலும் ஒரு கிளையில் பிஞ்சு, இன்னொரு கிளையில் மொட்டு. எதைப் பார்த்து மருந்தடிப்பது? ஓசோனில் ஓட்டை விழுந்ததால் என்கிறார் மைத்துனர். மரம் வெட்டிய பாவத்துக்குத் தண்டனை என்கிறார் ஊர்ப் பெரியவர். உலகம் மொத்தமும் ஏறியது ஒரு டிகிரி சொச்சம்தானாம். அதற்கா இந்தப் பாடு? தோப்பை அழித்து மனை போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு.

பெயர் வேண்டாம்,
போச்சம்பள்ளி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மைத்துனருக்கு. ஓசோன் வேறு சங்கதி. குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த வாயுக்கள் அதைச் சிதைத்தன. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு மெல்லத் தேறி வருகிறது. உங்கள் பூ தவறுவதற்கு அது காரணமில்லை.

பார்க்க வேண்டியது ராத்திரியை. வெப்பமயமாதல் என்றதும் எல்லாரும் சித்திரை வெயிலைத்தான் நினைக்கிறோம். மாமரத்துக்கு மார்கழிக் குளிர்தான் கணக்கு. மழை ஓய்ந்து, மண் காய்ந்து, இரவுக் குளிர் சில வாரம் விடாமல் நின்றால்தான் முற்றிய கிளையின் நுனி மொட்டு பூங்கொத்தாகும். குளிர் போதாமல் மண்ணில் ஈரமும் இருந்தால் அதே மொட்டு செம்பழுப்புத் தளிராக விரிந்துவிடும். இரண்டு நாள் குளிர், நாலு நாள் புழுக்கம் என்று மாறி மாறி வந்தால் கிளைக்குக் கிளை வேறு நேரத்தில் பூக்கும். நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான்.

ராத்திரி ஏன் ஆற மாட்டேன் என்கிறது? பகலில் வாங்கிய வெப்பத்தைப் பூமி அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. பொழுது சாய்ந்தால் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கரியமில வாயு மறித்துக் கீழே திருப்புகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு கூடினால் பூமி சூடாகும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இயற்கையாகக் கூடியது என்று யாராவது வாதாடினால் விடாதீர்கள். கார்பன்-14 என்பது நாளாக நாளாகத் தானே சிதைந்து மறையும் ஒரு கார்பன் வகை. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது மிச்சமில்லை. அதை எரிக்க எரிக்க, காற்றில் உள்ள கார்பனில் அதன் விகிதம் நீர்த்துப் போவதை மரவளையங்களில் அளந்திருக்கிறார்கள். சூரியன்தான் காரணம் என்றால் மேல்வளிமண்டலமும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்திருக்கிறது.

பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. காடழிப்புக்குப் பங்குண்டு, ஏரியைத் தூர்த்ததும் நிழலை வெட்டியதும் உங்கள் ஊர்ச் சூட்டைத் தனியாகக் கூட்டும். ஆனால் பெரும்பங்கு நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு. ஒரு அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, ஒரு இந்தியருக்குச் சுமார் 2 டன். மழையை நம்பி மாமரம் வளர்ப்பவர் தலையில் தண்டனை என்று கட்டுவது அநியாயம். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஒரு டிகிரி என்பது கடல், நிலம், துருவம், ஆண்டு முழுவதும் சேர்த்த சராசரி. நிலம் கடலைவிடக் கூடுதலாகச் சூடாகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, பேருந்து நிலையப் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதே! அந்தப் புயலை வெப்பமயமாதல் பெற்றெடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சூடான கடலும் ஈரம் கூடிய காற்றும் அப்படிப்பட்ட மழையின் கனத்தைக் கூட்டுகின்றன. அந்த ஈரம் மார்கழி மண்ணில் தங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மனை போடும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பூக்கவில்லை என்று கல்டாரை (வளர்ச்சியை ஒடுக்கிப் பூக்க வைக்க மரத்தடி மண்ணில் ஊற்றும் மருந்து) அளவு கூட்டி ஊற்ற வேண்டாம். அது மண்ணிலேயே தங்கி அடுத்தடுத்த ஆண்டு மரத்தைக் குறுக்கும். மழை ஓய்ந்ததும் தோப்பில் நீர் தேங்காமல் வடிய வழி செய்யுங்கள். மரத்தடியில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஐப்பசி முதல் தை வரை விடியற்காலை அளவைக் குறித்து வையுங்கள், பூத்த தேதியோடு. அந்த நோட்டுடன் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ப் பேசுங்கள். "பூக்கவில்லை" என்பதை விட, எந்த இரவு எத்தனை டிகிரி என்று காட்டினால் அவர்களும் உருப்படியாக யோசனை சொல்ல முடியும்.