மலைச்சரிவில் புல்தரை அமைப்பதற்கு மண் பரிசோதனை தேவையா?

கோத்தகிரியில் சரிவான நிலத்தைச் சமன்படுத்தி வீடு கட்டியிருப்பதாகவும், முன்புறம் ஐந்து சென்டில் புல்தரை அமைக்க விரும்புவதாகவும், இரண்டு லோடு செம்மண்ணும் ஒரு லோடு சாணமும் கொட்டிப் புல்லைப் பதித்தால் போதும், மண் பரிசோதனையெல்லாம் விவசாயிகளுக்குத்தான் என்று புல் பதிப்பவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் வீட்டுத் தோட்டங்களை அமைத்துப் பராமரிப்பதே என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பல ஆண்டுகளாக உழுது பயிரிட்ட வயலைவிட, வெட்டிச் சமன்படுத்திய வீட்டு மனைக்குத்தான் மண் பரிசோதனை கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதிலும் ஒரே ஒரு மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதாது.

காரணம் மனையைச் சமன்படுத்தும் முறையிலேயே இருக்கிறது. சரிவின் மேற்பகுதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பகுதியில் தள்ளித்தான் சமதளம் உருவாக்குகிறார்கள். சாலை ஓரத்தில் புதிதாக வெட்டிய மண்சுவர் எதையாவது நின்று பாருங்கள். மேலே ஓரடி, ஒன்றரை அடிக்குக் கறுத்த, பொலபொலப்பான மண்ணும், அதற்குக் கீழே மஞ்சள் கலந்த சிவப்பு நிறத்தில் இறுகிய அடிமண்ணும் தெளிவாகப் பிரிந்து தெரியும். நம் மலையின் குளிரில் இலைதழைகள் மெதுவாக மட்குவதால், அந்தக் கறுப்பு மண் சேர்வதற்கு மிக நீண்ட காலம் ஆகியிருக்கிறது. உங்கள் மனையில் வெட்டிய பக்கத்தில் அது முற்றிலும் போய்விட்டிருக்கும். நிரப்பிய பக்கத்திலோ அது அடியில் புதைந்து, அதன்மேல் அடிமண்ணும் கல்லும் கட்டட இடிபாடுகளும் கிடக்கும். ஒரே புல்தரையின் இரு பாதிகள் இரண்டு வேறு நிலங்களாக இருக்கும்போது, இரண்டு மண்ணையும் கலந்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் கிடைக்கும் அறிக்கை இரண்டில் எதற்கும் பொருந்தாது.

அடுத்தது அமிலத்தன்மை. மிகுந்த மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், நீலகிரி மண்ணின் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்கிறது. தேயிலைக்கு அது உகந்தது. புல்தரைக்கு 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. நம் ஊரில் பரவலாகப் பதிக்கும் கிக்கியூ புல் 5.5 வரை சமாளித்துக்கொள்ளும். 6-க்கும் 5-க்கும் இடையே ஓர் எண்தான் வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது. அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. 5.5-க்குக் கீழே இறங்க இறங்க மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்குகிறது. வேர் ஆழமாக இறங்காமல் மேலாகவே படர்கிறது. பிப்ரவரி, மார்ச் மாத வெயிலில் தண்ணீர் விட்டும் புல் வாடுகிறது. போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்வதால், எத்தனை மூட்டை உரம் போட்டாலும் செடிக்குக் கிடைப்பது சொற்பம். புல் மஞ்சளாகிறது என்று மேலும் யூரியா போட்டால், அது மண்ணை இன்னும் அமிலமாக்குகிறது.

அமிலத்தன்மை எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் இருப்பதில்லை. குன்னூரில் நான் கவனிக்கும் ஒரு வீட்டில், புதிய தடுப்புச்சுவரை ஒட்டித் தொடங்கி வெளியே நீளும் ஹைட்ரேஞ்சியா வரிசை ஒன்று இருக்கிறது. எல்லாமே ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த பதியன்கள். சுவரோரம் இருப்பவை இளஞ்சிவப்பாகவும், நடுவில் இருப்பவை ஊதாவாகவும், சுவரை விட்டு விலகியவை அழுத்தமான நீலமாகவும் பூக்கின்றன. அமில மண்ணில் அலுமினியம் செடிக்குக் கிடைத்தால் இந்தப் பூ நீலமாகும். சிமெண்டுக் கலவையின் சுண்ணாம்பு கசிந்த இடத்தில் அது கிடைக்காமல் இளஞ்சிவப்பாகிவிடும். அதே வீட்டில் கொத்தனார்கள் கலவை குழைத்த இடத்தில் அசேலியா வைத்திருந்தார்கள். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இலை முழுவதும் வெளிறியிருந்தது. மண்வெட்டியால் கிளறியபோது ஒரு சாண் ஆழத்தில் சாம்பல் நிறத்தில் கலவை பாளமாகக் கிடந்தது. அங்கே இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை. ஆகவே வெட்டிய பக்கம், நிரப்பிய பக்கம், சுவரோரம் என்று குறைந்தது மூன்று மாதிரிகளாவது தனித்தனியாக எடுங்கள்.

எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை சீரான கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, கல்லையும் வேரையும் நீக்கி, பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்வதைத் திரும்பச் செய்தால், கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, எந்தப் பகுதி என்று எழுதி வையுங்கள். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களையும் பார்க்கச் சொல்வதானால் துருப்பிடித்த கருவியையும் துத்தநாகம் பூசிய வாளியையும் தவிர்க்க வேண்டும். அண்மையில் சாணமோ உரமோ விழுந்த இடத்தில் எடுக்கக் கூடாது. அதனால்தான் சாணம் கொட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடச் சொல்கிறேன்.

எங்கே கொடுப்பது என்று கோத்தகிரித் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். குன்னூரில் உபாசியின் (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. படிவத்தில் பயிர் என்ற இடத்தைக் காலியாக விடாமல் ‘புல்தரை’ என்று எழுதுங்கள். தேயிலைக்கோ காரட்டுக்கோ உரிய பரிந்துரை உங்களுக்குப் பயன்படாது. மணிச்சத்தை எந்த முறையில் அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள்: அமில மண்ணுக்கு உரியது பிரே முறை, ஓல்சன் முறை நடுநிலையான, காரமான மண்ணுக்கு ஏற்றது. எல்லாவற்றையும்விட முக்கியம், அமிலத்தன்மையைக் குறைக்க எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்பதைத் தனியாகக் கணித்துத் தரச் சொல்வது. களியும் மட்கும் மிகுந்த மண்ணும் மணற்பாங்கான மண்ணும் ஒரே பி.எச். காட்டினாலும் அவற்றுக்குத் தேவைப்படும் சுண்ணாம்பு பெரிதும் வேறுபடும்.

அறிக்கையில் மண்ணின் மட்கு அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் ‘அதிகம்’ என்று வந்தால் அதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 0.75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே அதிகம் என்று குறிப்பார்கள்; மலையின் மேல்மண் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதால், மட்கில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) உடனே புல்லுக்குக் கிடைத்துவிடும் என்று கணக்கிட முடியாது. வெட்டிய பக்கத்து மாதிரியில் இதே அளவு மிகக் குறைவாக இருக்கும். உங்களுடைய தொழு உரத்தில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும்.

ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்பு என்று பரிந்துரை வந்தால் சென்டுக்குப் பத்துக் கிலோ என்று பொருள். ஐந்து சென்டுக்கு ஒரு மூட்டை. நம் மண்ணில் மக்னீசியமும் குறைவாக இருப்பதால், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடியான டோலமைட் பெரும்பாலும் நல்ல தேர்வு. ஜிப்சம் பி.எச். அளவை உயர்த்தாது, கடைக்காரர் அதைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். புல் பதிப்பதற்கு முன்பாக இருந்தால் தேவையான அளவு முழுவதையும் தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடலாம். வளர்ந்து நிற்கும் புல்லின்மீது ஒரு தடவைக்குச் சென்டுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் தூவக் கூடாது. மீதியை ஆறு மாதம் கழித்துத் தரலாம். யூரியாவையும் சாணத்தையும் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். சில வாரங்கள் இடைவெளி விடுங்கள். அசேலியா, கமேலியா, நீல ஹைட்ரேஞ்சியா வைக்கும் பாத்திகளுக்குச் சுண்ணாம்பே வேண்டாம்.

ஆய்வகம் சொல்லாத ஒன்று மண்ணின் இறுக்கம். பொக்லைன் ஏறி இறங்கிய இடத்தில் ஓரடிக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், எந்த உரமும் அங்கே பயன் தராது. கடப்பாரையால் ஆழமாகக் கிளறி, மட்கைக் கலந்து, வடிகால் அமைத்த பிறகே மற்ற வேலைகள்.

செம்மண் லோடு பெரும்பாலும் எங்கோ வெட்டிய அடிமண்தான். உங்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருப்பதையே விலை கொடுத்து வாங்குவதாக ஆகும். அது மேலே தனி அடுக்காகப் படிந்தால் நீரும் அந்த எல்லையில் தேங்கும். கிழங்குத் தோட்டத்து மண் என்று வந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1961-இல் உதகையில் கண்டறியப்பட்ட, வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான உருளைக்கிழங்கு நூற்புழு இன்றும் நம் மலைகளில் இருக்கிறது. அது மண்ணோடுதான் இடம் பெயர்கிறது. வழக்கமான மண் பரிசோதனையில் தெரியாது. புல்லை அது தாக்காது என்றாலும், பின்புறம் காய்கறிப் பாத்தி போடும் எண்ணம் இருந்தால் அந்த மண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பிப்ரவரி வாக்கில் மாதிரி கொடுத்து, கோடை மழை விழுந்து மண் ஈரமானதும் டோலமைட்டைக் கலந்து, சில வாரங்கள் கழித்து மட்கைச் சேர்த்து, அதன்பின் புல்லைப் பதித்தால் பெருமழைக்கு முன்பே வேர் பிடித்துவிடும். சரிவில் தூவிய சுண்ணாம்பு கனமழையில் ஓடைக்குப் போய்விடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல் பழுப்பாவது சத்துக் குறைவு அன்று. அந்த நேரத்தில் உரம் போடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மூன்று பகுதிகளில், அதே மாதத்தில், அதே ஆய்வகத்தில் மறுபடியும் பரிசோதித்தால்தான் முதல் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.