ஸ்பிரிங்பேங்க்: அரை முறை வடிப்பது எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் கேம்பெல்டவுனில் இருக்கும் ஸ்பிரிங்பேங்க் வடிசாலை பற்றி இரண்டு சந்தேகங்கள். அவர்களுடைய சிங்கிள் மால்ட் விஸ்கி 'இரண்டரை முறை வடித்தது' என்கிறார்கள். இரண்டு முறை புரிகிறது, மூன்று முறையும் புரிகிறது. அரை முறை எப்படி வடிப்பது? விளம்பரத்துக்காகச் சொல்வதா? அடுத்தது, 1828இல் தொடங்கியதிலிருந்து எதையுமே மாற்றாமல் செய்துவருகிறார்கள் என்று படித்தேன். அது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விளம்பரம் இல்லை. வேலை அப்படித்தான் நடக்கிறது. கணக்குதான் கொஞ்சம் தளர்வானது.

அங்கே மூன்று செப்புக் கொப்பரைகள். நொதித்த பார்லிச் சாறு, அதாவது வாஷ், சுமார் 5 சதவீத ஆல்கஹாலுடன் முதல் கொப்பரைக்குள் போகிறது. வெளியே வருவது லோ வைன்ஸ், அதாவது வீரியம் குறைந்த முதல் வடிப்பு. ஸ்காட்லாந்தில் பெரும்பாலான இடங்களில் இது மொத்தமும் அடுத்த கொப்பரையில் ஒருமுறை வடிந்ததும் வேலை முடிந்தது. ஸ்பிரிங்பேங்க்கில் இதைப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு பங்கு இரண்டாவது கொப்பரையில் வடிந்து வீரியம் கூடுகிறது. அதை ஃபெயிண்ட்ஸ் என்கிறார்கள். மிச்சமுள்ளது மறுபடி வடிபடாமல் தொட்டியில் காத்திருக்கும். பிறகு 80 பங்கு ஃபெயிண்ட்ஸும் 20 பங்கு லோ வைன்ஸும் சேர்ந்து மூன்றாவது கொப்பரைக்குள் போகின்றன. அங்கே முதலில் வரும் தலையையும் கடைசியில் வரும் வாலையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள்.

ஆக, உங்கள் கோப்பையில் இருப்பதில் ஒரு பகுதி மூன்று முறை வடிந்தது, இன்னொரு பகுதி இரண்டே முறை. அளவை வைத்துப் பெருக்கிக் கூட்டினால் 2.8 வரும், 2.5 வராது. ஒதுக்கிய தலையும் வாலும் மறுபடி வடிப்புக்குள்ளேயே திரும்புவதால் அந்த 2.8கூடத் துல்லியம் இல்லை. 'இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்' என்று பொருள் கொள்ளுங்கள், போதும்.

அந்த 20 பங்கில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் எண்ணெய்ப் பிசுக்கும் தானியக் கனமும் குறையும். வடிபடாமல் வைத்திருந்த பங்கு அந்தக் கனத்தைக் கடைசிக் கொப்பரைவரை கொண்டுசேர்க்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதே வடிசாலையிலேயே வழி உண்டு: லாங்ரோ, ஹேசல்பர்ன் என்று வேறு இரண்டு விஸ்கிகளும் அங்கே செய்கிறார்கள். லாங்ரோ இரண்டு முறை வடிப்பது, சுமார் 68 சதவீத வீரியத்தில் இறங்குகிறது. ஸ்பிரிங்பேங்க் 71, 72. மூன்று முறை வடிக்கும் ஹேசல்பர்ன் 74 முதல் 76 வரை, மூன்றிலும் மெலிதானது அதுதான்.

முதல் கொப்பரைக்கு உள்ளே நீராவிக் குழாய் உண்டு, அடியில் எண்ணெய் நெருப்பும் எரிகிறது. நேரடி நெருப்பில் ஈஸ்ட் கசடு அடிப்பிடித்துத் தீய்ந்துவிடும், அந்தத் தீய்ந்த வாடை கடைசிவரை நீங்காது. அதனால் அடியைச் சுரண்டியபடி ஒரு செப்புச் சங்கிலி உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது கொப்பரையின் ஆவியைக் குளிரவைப்பது பழைய முறை: குளிர்நீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் ஒற்றைச் செப்புக்குழாய். இக்காலத்துக் குளிர்விப்பான்களில் ஆவி பல மெல்லிய குழாய்களாகப் பிரிந்து நிறைய செம்பைத் தொடும், செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். சுருள்குழாயில் அந்தத் தொடுகை குறைவு. கந்தகமும் கனமும் கொஞ்சம் தங்கிவிடுகின்றன. இதைக் குறை என்று பார்ப்பவர்கள் உண்டு. என் கணக்கில் ஸ்பிரிங்பேங்க்கின் முதுகெலும்பே அதுதான்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு என் பதில்: இல்லை, உண்மையில்லை. நெடுங்காலம் மாறாதது உரிமை மட்டும். 1837இல் மிட்செல் சகோதரர்கள் கைக்கு வந்த வடிசாலை தலைமுறை தலைமுறையாக அந்த வழியினரிடமே இருந்துவந்தது. தொழில் பலமுறை அறுபட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முப்பதுக்குமேல் வடிசாலைகள் ஓடிய ஊர் கேம்பெல்டவுன். அமெரிக்க மதுவிலக்கு, பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் மூடியது, அவசரத்தில் தரம் கெட்டது, எல்லாம் 1920களில் ஒன்றாக வந்து இறங்கின. ஹேசல்பர்ன் என்பதே அப்போது மூடிப்போன பக்கத்து வடிசாலையின் பெயர்தான். பின்னாளில் ஜப்பானில் நிக்கா விஸ்கி நிறுவனத்தைத் தொடங்கிய மசதாகா தகெட்சுரு 1920இல் தொழில் பழகியது அந்தப் பழைய ஹேசல்பர்னில். ஸ்பிரிங்பேங்க்கிலேயே 1979இல் வடிப்பு நின்றது, 1980களின் பிற்பகுதியில்தான் சிறிய அளவில் மீண்டது.

பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டும் முறையும் 1960இல் கைவிடப்பட்டது. 1992இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது தேவையான மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, முழுவதும் அங்கேயே தயாராகிறது. ஊறிய பார்லியைக் கல்தரையில் பரப்பி, இரவு பகல் பாராமல் புரட்டிவிட வேண்டும். புரட்டத் தவறினால் வேர்கள் பின்னிப் பாய்போல ஆகிவிடும், நடுவில் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், முளை ஒரே சீராக வராது.

காயவைப்பதிலும் வரிசை முக்கியம். பீட், அதாவது சதுப்புநிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் எரிமண், எரியும் புகை ஈரத் தானியத்தில்தான் ஒட்டும், காய்ந்தபின் எவ்வளவு புகைத்தாலும் பெரிதாக ஏறாது. அதனால் ஸ்பிரிங்பேங்க்குக்கு முதல் 6 மணி நேரம் பீட், பிறகு சுமார் 30 மணி நேரம் வெறும் சூடான காற்று. லாங்ரோவுக்கு 48 மணி நேரம்வரை பீட் மட்டும். ஹேசல்பர்னுக்குப் பீட்டே கிடையாது. 1925இல் மூடி 2004இல் மீண்டும் வடிக்கத் தொடங்கிய பக்கத்து கிளென்கைலுக்கும், அதாவது கில்கெரன் விஸ்கிக்கும், மால்ட் போவது இதே தரையிலிருந்துதான்.