'நாய்ஸம்' என்றால் சத்தமில்லை: அபூர்வ ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

வங்கித் தேர்வர்: சார், அறவே தெரியாத சொல் வந்தால் விட்டுவிடுகிறேன். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லில்தான் மார்க் போகிறது. எவற்றைப் பார்த்து வைக்கலாம்?

பதில்: முதலில் 'நாய்ஸம்'. உள்ளே 'நாய்ஸ்' இருப்பதுபோலத் தோன்றும், இல்லை. 'அனாய்' என்ற சொல்லின் தலை உதிர்ந்து மிஞ்சியதுதான் அந்த 'நாய்'. நம் தெருநாய்க்கும் சம்பந்தமில்லை. குமட்டும் நாற்றத்தைச் சொல்வது: சாக்கடை நாய்ஸம், ஒலிபெருக்கி அல்ல.

அடுத்து 'எனர்வேட்'. 'எனர்ஜி' ஞாபகத்தில் 'தெம்பூட்டு' என்று டிக் அடிப்பார்கள். பொருள் நேர் எதிர். லத்தீன் வேரில் நரம்பை உருவி எடுப்பது, அதாவது ஆளைத் துவளவைப்பது. சித்திரை வெயில் செய்வது அதுதான்.

'மெரிட்ரிஷஸ்' இன்னும் வஞ்சகமானது. 'மெரிட்'டுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான், சம்பாதிப்பது. ஆனால் இது லத்தீனில் விலைமகளைக் குறித்த சொல் வழியாக வந்ததால், உள்ளே சரக்கில்லாமல் வெளியே மினுக்குவது என்று பொருள். 'இன்ஃப்ளேமபிள்' எளிதில் தீப்பற்றுவது. அந்த 'இன்' மறுப்பு அல்ல.

அட்டையில் குறிப்பெழுதும்போது பொருளோடு நிற்காதீர்கள். எந்தச் சொல்லோடு குழம்பும் என்பதையும் சிவப்பு மையில் பக்கத்தில் எழுதுங்கள். தேர்வில் அந்தக் குழப்பத்தைத்தான் தவறான விடையாக வைப்பார்கள்.

பள்ளி ஆசிரியை: 'நியூஸ்' என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகியவற்றின் முதலெழுத்துகள்தானே? பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

பதில்: நிறுத்திவிடுங்கள் டீச்சர். 'நியூ' என்பதன் பன்மை அது, புதியவை. பிரெஞ்சிலும் 'நுவெல்' என்று இதே கட்டுமானம் உண்டு. பழைய ஆங்கிலப் பிரதிகளில் இன்னொரு 'ஈ' சேர்த்து ஐந்தெழுத்தாகவும் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது திசைக்கு எங்கே போவது? முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது இப்படி விரிவு சொன்னால் சந்தேகப்படுங்கள்.

சிவகங்கை வாசகர்: முதல் மழையில் கிளம்பும் வாசனைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டாமே?

பதில்: 'பெட்ரிகோர்'. கடைசி அசை 'கோர்', 'சோர்' அல்ல. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் அறிமுகப்படுத்தினார்கள். 'பெட்ரா' கல், 'ஐகோர்' என்பது கிரேக்கத் தெய்வங்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடும் திரவம். வறண்ட பாறையிலும் களிமண்ணிலும் படிந்திருக்கும் எண்ணெய்ப்பசைக்கு வைத்த பெயர் இது. மழையில் கிளம்பும் மண்நெடியில் 'ஜியோஸ்மின்' என்ற பொருளுக்கும் பெரும்பங்கு உண்டு, அதைச் செய்பவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட களிமண்ணைக் காய்ச்சி வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து 'மிட்டி அத்தர்' செய்வது இதே வாசனைக்காகத்தான்.

மொழிபெயர்ப்பில் ஓர் எச்சரிக்கை. 'மண்வாசனை வீசும் கதை' என்பதற்குப் பெட்ரிகோரைப் போட்டுவிடாதீர்கள். அங்கே மண் என்பது ஊர். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை.

நாகை மீனவர் மகன்: 'கேஷ்' நம் காசுதானே ஐயா?

பதில்: ஆமாம், இல்லை, இரண்டும். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது பிரெஞ்சு, இத்தாலிய வழி வந்தது. மூலம் 'பெட்டி' என்று பொருள்படும் லத்தீன் 'கப்ஸா'. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆனது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தை ஐரோப்பிய வணிகர்கள் 'கேஷ்' என்றது வேறு. அது நம் காசு, போர்ச்சுகீசிய வாய் வழியாகப் போனது.

ஐயமில்லாமல் தமிழிலிருந்து போனவை உண்டு. சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகாட்டானி' ஆனது. கட்டுமரம் 'கேட்டமரான்', ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே இருக்கிறது. இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை அடிப்பகுதி கொண்ட படகு. நம் மரம் நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. 'பரையா'வும் இங்கிருந்து போனதே. ஒரு சமூகத்தின் பெயரை வசையாக்கிய சொல் என்பதால் நான் எழுதுவதில்லை, 'அவுட்காஸ்ட்' போதும்.

'கில்' என்றால் கொல், 'க்ரை' என்றால் கரை என்று வாட்ஸாப்பில் வரும் பட்டியலை இதோடு சேர்க்காதீர்கள். கடன் போன சொல்லுக்குப் பாதை இருக்கும்: எந்தத் துறைமுகம், யார் எடுத்துப்போனார், முதலில் எந்த ஆண்டு எழுதினார். ஓசை ஒத்துப்போவது பாதை ஆகாது.

கல்லூரி மாணவி: சசி தரூர் 2018இல் ட்வீட் செய்த அந்த நீளச் சொல்லை எப்படிச் சொல்வது?

பதில்: 'ஃப்ளாக்ஸி, நாஸி, நிஹிலி, பிலி, ஃபிகேஷன்'. 29 எழுத்து. அழுத்தம் கடைசித் துண்டில் 'கே' மேல். முதல் நான்கு துண்டுகளும் லத்தீனில் 'அற்பம், ஒன்றுமில்லை' என்று மதிப்பிடப் பயன்பட்டவை: கம்பளிப் பிசிறு, மயிரிழை மாதிரி. ஒன்றைத் துச்சமாக மதிப்பது என்று பொருள். 1741இல் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டன் எழுதிய கடிதத்திலேயே வேடிக்கையாக வந்துவிட்டது. வேடிக்கைக்கு மட்டும்தான் இன்றும்.

தயாளன்: அகராதியில் இருந்தால் நிஜச்சொல் என்று நம்பலாமா?

பதில்: பெரும்பாலும். 'டோர்டு' கதையைக் கேளுங்கள். 1934இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்கு 'அடர்த்தி' என்று பொருள் போட்டிருந்தார்கள். நடந்தது இது: 1931 ஜூலை 31 தேதியிட்ட ஒரு சீட்டில், 'டென்ஸிட்டி'யின் சுருக்கமாகப் 'பெரிய டி அல்லது சின்ன டி' என்று வேதியியல் ஆசிரியர் குறித்திருந்தார். சுருக்கங்களின் கட்டுக்குப் போகவேண்டிய சீட்டு சொற்களின் கட்டில் விழுந்தது. 'அல்லது' என்பதற்கான 'ஆர்' நடுவில் ஒட்டிக்கொண்டு நான்கெழுத்துச் சொல்லானது. 1939 பிப்ரவரி 28 அன்று, இதற்கு வேர்ச்சொல் குறிப்பே இல்லையே என்று ஓர் ஆசிரியர் கவனித்தபோதுதான் குட்டு உடைந்தது. நீங்களும் அதையே செய்யலாம்: புதுச்சொல்லைப் பார்த்தால் பொருளுக்குக் கீழே வேர் இருக்கிறதா, மேற்கோள் வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐடி ஊழியர்: 'நாளை மறுநாள்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் கிடையாதா?

பதில்: இருந்தது. 'ஓவர்மாரோ', கவர்டேல் என்பவர் 1535இல் வெளியிட்ட ஆங்கில பைபிளில் வருகிறது. இப்போது அகராதிகள் 'அப்சலீட்', வழக்கொழிந்தது, என்று முத்திரை குத்தியிருக்கின்றன. அதற்குக் கீழ்ப்படி 'ஆர்க்கேயிக்': புரியும், ஆனால் பழைய வாடை அடிக்கும். ஆபீஸ் மெயிலில் ஓவர்மாரோ மீட்டிங் என்று போட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். 'டே ஆஃப்டர் டுமாரோ' என்று எழுதி, பக்கத்தில் தேதியையும் போட்டுவிடுங்கள்.